வலைப்பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ள: ஒரு டோக்கன் பலகையை வைத்து முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கிளினிக்குக்கு டோக்கன் பலகை செய்து கொடுத்தேன். வரவேற்பில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ‘அடுத்து’ என்று அழுத்தினால், கூடத்தில் மாட்டியிருக்கும் டிவியில் எண் மாற வேண்டும். டிவியில் ஓடியது சாதாரண வலைப்பக்கம்தான். 5 நொடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டு எண்ணை மாற்றிக்கொள்ளும். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் ஒரு காலையில் எண் 23-இல் நின்றுவிட்டது. பெரிய எழுத்தில், பளிச்சென்று, எந்தக் குறையும் இல்லாததுபோல் 23. கையில் 27-ஆம் டோக்கனை வைத்துக்கொண்டு ஒரு பாட்டி அதையே பார்த்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரிசை 35-ஐத் தாண்டியிருந்தது.

போன் வந்ததும் வைஃபையைத்தான் சந்தேகப்பட்டேன். வைஃபை போனது உண்மை. ஆனால் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. திரும்பாதது நான் எழுதிய பக்கம். காரணத்தைக் கீழே அதற்கான இடத்தில் சொல்கிறேன். அந்தப் பலகையை மறுபடி எழுதிய வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்களுடையது பேருந்து நேரப் பட்டியலாக இருக்கலாம், கிரிக்கெட் ஸ்கோராக இருக்கலாம், தங்கம் விலையாக இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

முதலில் இடைவெளியை முடிவு செய்யுங்கள்

கோட் எழுதும் முன் ஒரு கேள்வி: நீங்கள் காட்டப்போகும் தகவல் உண்மையில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது?

1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் ஒரு காபி பானையின் முன் கேமரா வைத்தார்கள். மாடி ஏறி வந்து பார்த்தால் பானை காலி என்பது அங்கே தினசரி ஏமாற்றம். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. 1993-இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது, 2001 ஆகஸ்டில் கேமராவை அணைக்கும்வரை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அந்தப் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறைதான் மாறியது. பானை மெதுவாகத்தான் நிரம்பும், ஆகவே அது போதுமானதாக இருந்தது. இடைவெளியைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம் கணக்கு. 5 நொடிக்கு ஒருமுறை என்றால் ஒரு திரை நிமிடத்துக்கு 12 முறை, மணிக்கு 720 முறை, நாள் முழுக்க ஓடினால் 17,280 முறை சர்வரைக் கேட்கும். ஒரே டிவி என்றால் இது ஒன்றுமே இல்லை. அதே பக்கத்தை 500 பேர் போனில் திறந்து வைத்திருந்தால் நொடிக்கு 100 கேள்விகள். இடைவெளியை 30 நொடி ஆக்கினால் அது 17 ஆகக் குறைகிறது. டோக்கன் எண்ணுக்கு 5 நொடி நியாயம், ஏனென்றால் கூப்பிட்ட ஆள் உடனே எழுந்து போக வேண்டும். நாளுக்கு ஓரிரு முறை மாறும் தங்கம் விலைக்கு 5 நொடி வீண். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதே தாராளம்.

ஒரே வரியில் முடியும் வழி, அது எங்கே போதாது

எச்டிஎம்எல் தலைப்பகுதியில் ‘மெட்டா ரிஃப்ரெஷ்’ என்ற குறியை எழுதி, எத்தனை நொடி என்று கொடுத்தால் பிரவுசர் அந்தப் பக்கத்தை முழுசாக மறுபடி ஏற்றும். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் காலத்திலிருந்து இருக்கும் வழி இது. ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். அலுவலக வாசலில் ‘இன்றைய கூட்டங்கள்’ என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் பலகைக்கு இதுவே போதும், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

ஆனால் மனிதர்கள் கையில் வைத்துப் படிக்கும் பக்கத்தில் இதைப் போடாதீர்கள். பாதி நிரப்பிய படிவம் அழிந்துபோகும். ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்) வைத்துக் கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் பக்கம் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும், அவர் கடைசி வரியை எட்டவே முடியாது. இன்னொரு கோளாறும் உண்டு. ரிஃப்ரெஷ் ஆகும் நேரத்தில் நெட் இல்லையென்றால், உங்கள் பக்கம் இருந்த இடத்தில் பிரவுசரின் பிழைப் பக்கம் வந்து உட்காரும். அதில் உங்கள் மெட்டா குறி கிடையாது. சில பிரவுசர்கள் நெட் வந்ததும் தாமாக முயன்று பார்க்கும். மற்றவற்றில் யாராவது ரிமோட்டைத் தேடி எடுக்கும்வரை அப்படியே நிற்கும்.

தகவலையும் பக்கத்தையும் பிரியுங்கள்

சரி, முழுப் பக்கமும் மாற வேண்டாம், எண் மட்டும் மாறினால் போதும் என்று முடிவு செய்தாயிற்று. சர்வரில் ஒரு தனி முகவரி உருவாக்குங்கள். அங்கே கேட்டால் அலங்காரம் எதுவும் இல்லாமல் ஜேசன் வடிவில் (பெயரும் மதிப்புமாக எழுதும் வெறும் எழுத்துத் தகவல்) மூன்று விஷயம் மட்டும் வர வேண்டும்: இப்போதைய எண், எந்த அறை, எண் எப்போது மாறியது. நூறு பைட்கூடத் தேறாது. பக்கத்தில் எண் வரவேண்டிய இடத்துக்கு ஒரு ஐடி கொடுத்துவிடுங்கள்.

வந்த தகவலை அந்த இடத்தில் வைக்கும்போது ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ மூலம் வையுங்கள், ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டாம். எண்தானே, எதில் வைத்தால் என்ன என்று தோன்றும். நாளைக்கே ‘எண்ணோடு பெயரும் போடுங்கள்’ என்று கேட்பார்கள். பெயர் என்பது யாரோ ஒருவர் தட்டச்சு செய்து அனுப்புவது. அதில் ஸ்கிரிப்ட் துண்டு ஒன்று ஒளிந்து வந்தால் இன்னர்எச்டிஎம்எல் அதை ஓடவிடக்கூடும், டெக்ஸ்ட்கன்டென்ட் வெறும் எழுத்தாகக் காட்டிவிட்டுப் போகும்.

பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருந்தால் திரையைத் தொடவே வேண்டாம்.

டைமர்: எல்லோரும் சறுக்கும் இடம்

ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு டைமர்கள் இருக்கின்றன. ‘செட்இன்டர்வெல்’ குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு வேலையைக் கூப்பிடும். ‘செட்டைம்அவுட்’ ஒரே ஒருமுறை கூப்பிடும். இரண்டுக்கும் நேரத்தை மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும், அதாவது 5 நொடிக்கு 5000. வெறும் 5 என்று எழுதிவிட்டு சர்வர் ஏன் திணறுகிறது என்று தேடியவர்கள் உண்டு. அதேபோல், டைமரிடம் உங்கள் ஃபங்ஷனின் பெயரை மட்டும் ஒப்படையுங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் அந்த வரியிலேயே ஓடி முடிந்துவிடும், டைமருக்குக் கிடைப்பது அது திருப்பித் தந்த விடை மட்டும். ‘ஒரு தடவை ஓடுகிறது, அப்புறம் ஓடவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீளமான இடைவெளிக்கும் ஒரு வரம்பு உண்டு. 2147483647 மில்லிசெகண்ட், ஏறத்தாழ 24.8 நாள். அதைத் தாண்டிக் கொடுத்தால் டைமர் காத்திருக்காது, உடனே ஓடிவிடும். ‘30 நாளைக்கு ஒருமுறை’ என்று எழுதினால் நிற்காமல் சுற்றும்.

இடைவெளி விட்டு வேலை நடக்க வேண்டும் என்றதும் எல்லோரும் செட்இன்டர்வெலைத்தான் எடுப்பார்கள். சர்வரைக் கேட்கும் வேலைக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று அது பார்க்காது. 5 நொடி ஆனால் அடுத்த கேள்வி கிளம்பிவிடும். சர்வர் பதில் சொல்ல 8 நொடி எடுக்கும் ஒரு மோசமான மதியத்தில், இரண்டு கேள்விகள் ஒரே நேரத்தில் வழியில் இருக்கும். அவை கிளம்பிய வரிசையிலேயே திரும்பும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டாவது பதில் முதலில் வந்து 24 என்று காட்டும், அடுத்த நொடி முதல் கேள்வியின் பதில் வந்து அதை 23 ஆக்கும். கூடத்தில் எழுந்து நடக்கத் தொடங்கியவர் மறுபடி உட்காருவார். ஏற்கெனவே திணறும் சர்வர்மேல் இன்னும் சுமை ஏற்றுவதும் இதே செட்இன்டர்வெல்தான்.

ஆகவே, ஒருமுறை கேள், பதில் வந்து முடியட்டும், அதற்குப் பிறகு செட்டைம்அவுட் வைத்து அடுத்த கேள்வி. ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான் வெளியே இருக்கும். ஓட்டம் இப்படி:

    கேள்:
        சர்வரிடம் எண்ணைக் கேள். 4 நொடிக்குள் வராவிட்டால் கைவிடு
        பதில் சரியானதா என்று பார்
        எண் மாறியிருந்தால் மட்டும் திரையில் எழுது
        ‘கடைசியாகப் பதில் வந்த நேரம்’ குறித்துக்கொள்
        இடைவெளியை 5 நொடிக்குக் கொண்டுவா
    தவறு நேர்ந்தால்:
        இடைவெளியை இரட்டிப்பாக்கு
    எது நடந்தாலும்:
        இடைவெளி முடிந்ததும் மறுபடி ‘கேள்’

‘எது நடந்தாலும்’ என்ற அந்த வரி

என் பக்கத்தில் இல்லாமல் போனது அந்தக் கடைசிப் பகுதிதான். அடுத்த செட்டைம்அவுட்டை நான் ‘எண்ணைத் திரையில் எழுது’ என்ற வரிக்குக் கீழே வைத்திருந்தேன். பதில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை சங்கிலி அறுபடவில்லை. வைஃபை போன அந்த இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி தோற்றது. ஓட்டம் பிழைக்குத் தாவியது, அடுத்த முறைக்கான டைமரை வைக்க யாரும் இல்லை. அதன்பின் அந்தப் பக்கம் ஒருமுறைகூட சர்வரைக் கேட்கவில்லை. ட்ரை (முயல்), கேட்ச் (பிழை வந்தால்), ஃபைனலி (எது நடந்தாலும்) என்று மூன்று பகுதி எழுதும்போது அடுத்த டைமர் ஃபைனலிக்குள் இருக்க வேண்டும். உங்கள் கோட் கோப்பைத் திறந்து இதை மட்டுமாவது இப்போதே பாருங்கள்.

கேட்பதற்கு நாம் பயன்படுத்தும் ‘ஃபெட்ச்’ பற்றியும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சர்வர் 404 (கேட்டது இல்லை) என்றோ 500 (சர்வரில் கோளாறு) என்றோ சொன்னால் ஃபெட்ச் அதைத் தவறாகக் கருதாது, பதில் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். பதிலில் இருக்கும் ‘ஓகே’ என்ற மதிப்பை நீங்கள்தான் பார்த்து, இல்லையென்றால் பிழை எழுப்ப வேண்டும். இரண்டாவது, இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று அதில் நீங்கள் வைக்காவிட்டால் இணைப்பு பாதியில் தொங்கும்போது அது நெடுநேரம் காத்துக்கொண்டே இருக்கும். ‘அபார்ட்சிக்னல்’ கொடுத்து 4 நொடியில் கைவிடச் சொல்லுங்கள்.

பார்ப்பவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. வெறும் எண்ணைக் காட்டும் பலகை, அந்த எண் எப்போதையது என்று சொல்வதில்லை. பாட்டிக்கு அது தெரிந்திருந்தால் எழுந்து போய்க் கேட்டிருப்பார்.

‘கடைசியாகப் புதுப்பித்தது: 10.42’ என்று போட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எந்த நேரத்தைப் போடுவது? எண் கடைசியாக மாறிய நேரமா, பக்கம் கடைசியாகக் கேட்டுப் பதில் வாங்கிய நேரமா? இரண்டும் வேறு. ஒரு நோயாளியோடு மருத்துவர் 20 நிமிடம் பேசினால் எண் 20 நிமிடம் மாறாது, பலகை நன்றாகத்தான் இருக்கிறது. பதில் வந்து 20 நிமிடம் ஆகிவிட்டது என்றால் பலகை செத்துவிட்டது. ஆகவே பலகையின் உயிரைச் சொல்ல வேண்டியது கடைசியாகப் பதில் வந்த நேரம்.

அந்த நேரத்தையும் டிவியின் கடிகாரத்தை அப்படியே நம்பிக் காட்டாதீர்கள். ஒருமுறை செட்டிங் போனதிலிருந்து தப்பான மணியிலேயே ஓடும் டிவிகளைப் பார்த்திருக்கிறேன். சர்வரின் நேரத்திலிருந்து டிவியின் நேரத்தைக் கழிக்காதீர்கள். கடைசியாகப் பதில் வந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதை டிவிக்குள்ளேயே கணக்கிடுங்கள். கடிகாரம் எவ்வளவு தப்பாக இருந்தாலும் அந்த வித்தியாசம் சரியாக இருக்கும்.

இதற்கு மட்டும் நான் செட்இன்டர்வெல் பயன்படுத்துகிறேன், நொடிக்கு ஒருமுறை. சர்வரைக் கேட்காத வேலை, முன்பு சொன்ன ஆபத்து எதுவும் இல்லை. கேட்கும் சங்கிலியிலிருந்து இது தனியாக ஓட வேண்டும். சங்கிலி அறுந்தாலும் அறுந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. 15 நொடி பதில் இல்லையென்றால் எண் சாம்பல் நிறமாகிறது. 60 நொடி ஆனால் எண்ணையே எடுத்துவிட்டு ‘பலகை வேலை செய்யவில்லை, வரவேற்பில் கேளுங்கள்’ என்று போடுகிறேன். கிளினிக்கில் முதலில் தயங்கினார்கள், திரையில் அப்படி ஒரு வரி வந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்று. தப்பான எண்ணை நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பதை ஏற்கெனவே பார்த்திருந்ததால் ஒப்புக்கொண்டார்கள்.

தோற்றால் கொஞ்சம் பொறுங்கள்

சர்வர் விழுந்திருக்கும்போது எல்லாத் திரையும் 5 நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தால் அது எழுந்திருக்கவே விடாது. தோற்கும் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்: 5, 10, 20, 40, அதிகபட்சம் 60 நொடி. ஒருமுறை பதில் வந்துவிட்டால் மறுபடி 5. இதோடு ஒன்றிரண்டு நொடியை எந்த ஒழுங்கும் இல்லாமல் கூட்டிக் குறைத்து வையுங்கள். ஒரு ஏரியா முழுக்க கரண்ட் போய் ஒரே நேரத்தில் வந்தால் அங்கிருக்கும் எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் சர்வரைக் கேட்கும், அடுத்தடுத்த முறையும் அதே நொடியில்தான் கேட்கும். அந்தச் சின்ன வித்தியாசம் அவற்றைக் கலைத்துவிடும். சர்வர் 503 (இப்போது முடியாது) அல்லது 429 (அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்) சொல்லி, கூடவே ‘ரீட்ரை-ஆஃப்டர்’ என்று ஒரு நேரம் கொடுத்தால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு அது சொன்னபடி காத்திருங்கள்.

மறைந்திருக்கும் டேப்

பக்கத்தை போனில் பார்ப்பவர்கள் இருந்தால் இது தேவை. வேறு டேப்புக்குப் போனவருக்காக எண்ணைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது அவருடைய டேட்டாவையும் பேட்டரியையும் தின்பது. பிரவுசர்களும் சும்மா விடுவதில்லை. மறைந்த டேப்பின் டைமர்களை நொடிக்கு ஒன்றாகக் குறைப்பார்கள். 2021-இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் இப்படித் தொடரும் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓட விடுகிறார்கள். ‘டேப் மாற்றினால் நின்றுவிடுகிறது’ என்று தேடி வருபவர்களுக்கு விடை இதுதான்.

‘விசிபிலிட்டிசேஞ்ச்’ என்ற நிகழ்வைக் கவனியுங்கள். மறைந்தால் டைமரை ரத்து செய்யுங்கள். திரும்பி வந்ததும் இடைவெளிக்குக் காத்திராமல் உடனே ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கணம் பழைய எண் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும்.

கேஷ்

எல்லாம் சரியாக எழுதியும் எண் மாறவில்லையென்றால், பிரவுசரோ நடுவில் இருக்கும் வேறொரு சர்வரோ பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முகவரிக்குப் பின்னால் நேரத்தை ஒட்டி ஒவ்வொரு முறையும் புது முகவரிபோல் காட்டும் பழைய தந்திரம் வேலை செய்யும், ஆனால் கேஷில் குப்பை சேரும். சர்வர் பதிலில் ‘கேஷ்-கன்ட்ரோல்’ தலைப்பைச் சரியாக வைப்பதே ஒழுங்கான வழி. ‘நோ-ஸ்டோர்’ என்றால் சேமிக்கவே கூடாது. ‘நோ-கேஷ்’ என்றால், பெயர் குழப்பினாலும், சேமிக்கலாம். பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்க வேண்டும். நூறு பைட் டோக்கனுக்கு முதலாவது போதும். நீளமான பட்டியல் என்றால் நோ-கேஷோடு ‘ஈடேக்’ (பதிலின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) சேருங்கள். மாற்றம் இல்லாதபோது சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், பட்டியல் மறுபடி இறங்காது.

கண்ணால் பார்க்காதவருக்கு

எண் இருக்கும் இடத்தில் ‘ஏரியா-லைவ்’ என்ற பண்பைச் சேர்த்து மதிப்பை ‘பொலைட்’ என்று வைத்தால், எண் மாறும்போது ஸ்க்ரீன் ரீடர் தான் படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுப் புது எண்ணைச் சொல்லும். ‘பதில் வந்து 7 நொடி’ என்று ஓடும் கணக்கை மட்டும் அதற்குள் வைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு நொடியும் காதில் ஒலிக்கும். மற்ற விஷயங்களோடு சேர்த்துத் தானாக மாறும் தகவலைக் காட்டும் பக்கத்தில், அதை நிறுத்தவோ மறைக்கவோ புதுப்பிக்கும் இடைவெளியை மாற்றவோ ஒரு வழி இருக்க வேண்டும் என்று வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2.2-ஆம் விதி கேட்கிறது. ஒரு ‘நிறுத்து’ பொத்தான் வைப்பது ஐந்து நிமிட வேலை. வைத்துவிடுங்கள்.

கேட்பதை விட்டு, சொல்லச் சொல்வது

மாற்றம் நடந்த நொடியே தெரிய வேண்டும் என்றால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். ‘சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்’ வழியில் ஒரு இணைப்பைத் திறந்து வைத்தால், எண் மாறும்போது சர்வரே அனுப்பும். இணைப்பு அறுந்தால் பிரவுசரே மீண்டும் முயலும். எச்டிடிபி 1.1 சர்வரில் ஒரே தளத்துக்கு ஒரு பிரவுசரில் ஆறு இணைப்புக்கு மேல் திறக்க முடியாது என்பதால் பல டேப் திறப்பவர்களுக்கு மாட்டிக்கொள்ளும், எச்டிடிபி 2-இல் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு பக்கமும் ஓயாமல் பேசிக்கொள்ளும் அரட்டை, விளையாட்டு போன்றவற்றுக்கு ‘வெப்சாக்கெட்’. டோக்கன் பலகைக்கு இவை எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. 5 நொடிக்கு ஒருமுறை கேட்பதை எந்த மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓட்டலாம், கோளாறு வந்தால் யாரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

மாட்டுவதற்கு முன் சோதனை

டேப்லெட்டோ லேப்டாப்போ பலகையாக நிற்கிறது என்றால், திரை தூங்காமல் இருக்க ‘ஸ்க்ரீன் வேக் லாக்’ கேளுங்கள். எச்டிடிபிஎஸ் தளத்தில் மட்டும்தான் கிடைக்கும், பக்கம் மறைந்தால் விட்டுப்போகும், திரும்பி வந்ததும் மறுபடி கேட்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடும் பக்கத்தை விடியற்காலை 3 மணிக்கு ஒருமுறை முழுசாக ரீலோட் செய்ய வையுங்கள், நீங்கள் மாற்றிய கோட் அப்போதுதான் போய்ச்சேரும். ரீலோட் செய்யும் முன் சர்வர் பதில் சொல்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மெட்டா ரிஃப்ரெஷ்ஷில் சொன்ன பிழைப் பக்கம் வந்து உட்காரும்.

அப்புறம், கிளினிக் திறப்பதற்கு முன் ஒருநாள் நேரில் போங்கள். பலகையில் எண் ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். 15 நொடி எண்ணுங்கள், எண் சாம்பலாக வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் ‘வரவேற்பில் கேளுங்கள்’ வர வேண்டும். இதற்கிடையில் வரவேற்பு கம்ப்யூட்டரை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நான்கைந்து முறை ‘அடுத்து’ அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து பிளக்கை மாட்டுங்கள். யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. ரவுட்டர் எழுந்து ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த வரி மறைந்து, விட்டுப்போன எண்களைத் தாண்டி, இப்போது உள்ளே இருப்பவரின் எண் கறுப்பில் தெளிவாக வர வேண்டும்.